சூரத்திலிருந்து ஒருவர்

எங்கள் ஊருக்கு ஆட்கள் பாதி பாதியாக வந்த காலம் ஒன்று இருந்தது. முதலில் செருப்பு வரும், அப்புறம் முழங்கால், அப்புறம் போன் பிடித்த கை, எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் தலை, நெட் மெதுவாக இருக்கிற ஊர்க்காரராக இருந்தால் தலை வருவதற்குள் பொறுமை போய் அவரே கிளம்பிவிடுவார், அப்படித் தலையில்லாமல் வந்து தலையில்லாமலே திரும்பிப் போனவர்களைச் செம்மண்குடியில் பார்க்காதவர்கள் கிடையாது. பார்க்கவில்லை என்று இப்போது யாராவது சொன்னால் அவர்கள் பொய் சொல்கிறார்கள்.

எல்லோரும் வந்தது ஒரே இடத்துக்குத்தான், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஞானதிரவியம் அண்ணாச்சியின் டீக்கடையை ஒட்டியிருந்த ஜெசி பியூட்டி பார்லருக்கு. முதலாளி அமலோற்பவம் அக்கா. ஐப்ரோ எடுப்பதிலிருந்து கல்யாணப் பெண்ணுக்கு ஜடை வைத்துக் கட்டுவது வரை எல்லாம் அவர் ஒருவரே. நான் பதினொன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு அங்கே கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தேன். ஏன் விட்டாய் என்று கேட்க வேண்டாம், பிடிக்கவில்லை, விட்டேன். ஜெசி என்பது அக்காவின் ஒரே மகள் ஜெசிந்தா. மெஷின் ரிப்பேர் பார்க்க ஊருக்கு வந்த ஒருவரைக் கட்டிக்கொண்டு வடக்கே எங்கேயோ போய்விட்டாள், அன்றிலிருந்து யார் கேட்டாலும் அக்கா எனக்கு மகளே கிடையாது என்றுதான் சொல்வார். போர்டில் பேர் இருக்கிறதே என்றால், ஃப்ளக்ஸ் மாற்றச் செலவாகும் என்பார். அதற்குப் பிறகு புது ஃப்ளக்ஸ் அடித்தார், விலை ஏற்றினதால். அதிலும் ஜெசிதான்.

பைபாஸில் ஏசி போட்ட பெரிய பார்லர் ஒன்று வந்து எங்கள் கூட்டத்தை அள்ளிக்கொண்டு போன பிறகு அக்கா வெப்சைட் போடலாம் என்றார். போட்டேன். முகப்பு, விலைப்பட்டியல், அப்பாயின்ட்மென்ட் பட்டன், ‘எங்களைப் பற்றி’ என்று ஒரு பக்கம், அதில் அக்கா சீப்போடு நிற்கிற ஒரு போட்டோ. மதுரையில் ரோஷன் என்று ஒரு டிஜிட்டல் கன்சல்டன்ட், போனில் மட்டும் இருப்பவர், சைட் போட்டால் போதாது மேடம், யார் வருகிறார்கள், எந்த ஊரிலிருந்து வருகிறார்கள், எந்தப் பக்கத்தைப் பார்க்கிறார்கள், எவ்வளவு நேரம் நிற்கிறார்கள், எந்த இடத்தில் ஓடிப்போகிறார்கள் என்றெல்லாம் தெரிய வேண்டும், அதற்கு அனலிட்டிக்ஸ் என்று ஒன்று இருக்கிறது என்று சொல்லி நாலு வரி கம்ப்யூட்டர் கோட் அனுப்பினார், நான் அதைக் காப்பி பண்ணி சைட்டுக்குள் ஒட்டினேன். நான் செய்தது அவ்வளவுதான். மறுநாள் காலையில் ஷட்டரைத் தூக்கினால் உள்ளே ஏழு பேர். கம்ப்யூட்டரைப் போட்டால் அதிலும் ஏழு.

எதனால் என்று யாருக்கும் தெரியவில்லை, தெரிந்துகொள்ள யாரும் பெரிதாக மெனக்கெடவும் இல்லை, ஏனென்றால் எங்கள் பக்கத்தில் வாசலுக்கு வந்தவரை எதற்கு வந்தீர்கள் என்று கேட்கிற பழக்கம் கிடையாது, வாங்க என்று சொல்லி ஒரு செம்பு தண்ணீர் கொடுப்பதுதான் பழக்கம். அக்கா வாங்க என்றார், தண்ணீர் நீட்டினார். அவர்கள் வாங்கவில்லை. நாம் பேசுவது அவர்கள் காதில் விழாது, அவர்களும் பேசமாட்டார்கள், தொட்டால் கை அந்தப் பக்கம் போய்விடும். சைட்டில் என்ன செய்ய முடியுமோ அதை மட்டும் செய்வார்கள், சுவரைப் பார்ப்பார்கள், விலையைப் படிப்பார்கள், போய்விடுவார்கள். அனலிட்டிக்ஸ் ஊரைச் சொல்லும், ஆள் யாரென்று சொல்லாது என்று ரோஷன் சொல்லியிருந்தார், அவர்கள் முகமும் அப்படித்தான் இருந்தது, பார்த்துக்கொண்டிருக்கிற வரைக்கும் தெரியும், கண்ணை எடுத்தால் மறந்துவிடும்.

ஊர் ஒரு வாரத்தில் பழகிவிட்டது. டவுன் பஸ் கண்டக்டர் ‘ஜெசி பார்லர் எல்லாம் எறங்கு’ என்று கத்த ஆரம்பித்தார், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வருகிறவர்கள் இன்றைக்கு எத்தனை என்று கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கறிக்கடைக்குப் போனார்கள், கல்யாணத்துக்குப் பெண் வைத்திருந்தவர்கள் பெங்களூரிலிருந்து வந்து நின்ற ஆண்களைச் சுற்றி வந்து உயரம் பார்த்தார்கள், லேடீஸ் பார்லரில் ஆம்பளைகளுக்கு என்ன வேலை என்று கேட்டதற்கு, பாவம் கட்டிங்னு நினைச்சு வந்திருப்பாவ, போர்டப் பாத்ததும் போயிருவாவ என்று அண்ணாச்சி சொன்னார். சிலர் போர்டைப் பார்த்த பிறகும் போகவில்லை. உள்ளதைச் சொல்ல வேண்டும் அல்லவா.

விடிகிற நேரத்தில் வேறொரு கூட்டம் வரும். எல்லோரும் மொட்டை, எல்லோரும் ஒரே உயரம், எல்லோரும் வெள்ளைச் சட்டை. வாசல் போர்டிலிருந்து தொடங்கி விலைப்பட்டியல், ஷாம்பு பாட்டில் எழுத்து, காலண்டர் தேதி வரைக்கும் ஒரு எழுத்து விடாமல் படித்துவிட்டு வரிசையாகப் போவார்கள். அண்ணாச்சி வருமானவரிக்காரர்கள் என்று நினைத்து இரண்டு நாள் கடையைத் திறக்கவில்லை. அவர்கள் யாரையும் ஒன்றும் கேட்காததால் மூன்றாம் நாள் அவர்கள் சாமியார்களாகிவிட்டார்கள், பெண்கள் வாசலில் கோலம் போட்டு மோர் வைத்தார்கள், பிள்ளை இல்லாத ஒருத்தி அவர்கள் படித்து முடித்த காலண்டர் தாளைக் கிழித்து வாங்கிக்கொண்டு போனாள். ரோஷனிடம் சொன்னதற்கு, அது ஆளே இல்லை, சைட் சைட்டாகப் போய்ப் படிக்கிற மெஷின், ஒரு டிக் அடித்தால் கணக்கில் வராது என்றார். அடித்தேன். மறுநாள் ஒரு மொட்டையும் வரவில்லை. சாமிகளை விரட்டியவள் என்று என்னோடு பாதித் தெரு பேசவில்லை.

அண்ணாச்சிக்கும் ஆசை வந்தது. டீக்கடைக்கு ஒரு சைட் போடச் சொன்னார், போட்டேன், ரோஷன் கொடுத்த அந்த நாலு வரியையும் ஒட்டினேன். கடைக்கு ஒரே ஒரு ஆள் வந்தார். போனும் கையுமாக, மடித்துக் கட்டிய சாரத்தோடு, பாய்லருக்கு முன்னால் நின்றார். பார்த்தால் அது அண்ணாச்சியேதான். நாள் முழுக்கத் தன் சைட்டைத் தானே பார்த்துக்கொண்டிருந்தார், அதனால் தானே வந்து தன் முன்னால் நின்றார். கடனுக்குக் குடிக்கிற மூஞ்சி என்று சொல்லி சைட்டை மூடச் சொல்லிவிட்டார்.

இதற்கிடையில் பேன் போக வேப்பெண்ணெய் எப்படித் தேய்ப்பது என்று நான் சும்மா ஒரு பக்கம் எழுதிப் போட்டேன், அதைத் தேடி இந்தப் பக்கத்து மாவட்டமெல்லாம் வந்துவிட்டது. தலையைச் சொறிந்துகொண்டு வருவார்கள், நாலு வினாடி நிற்பார்கள், சொறிந்துகொண்டே போவார்கள். தெருவில் நடக்க முடியவில்லை, ஆளுக்குள் ஆள் புகுந்து நடக்க வேண்டியிருந்தது, முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு புகுந்தோம், பிறகு கேட்காமல் புகுந்தோம், வாங்க சொல்வதை விட்டோம், தண்ணீர்ச் செம்பை உள்ளே எடுத்து வைத்தோம். ரோஷன் போனில் குதித்தார், கிராஃப் ஏறுது மேடம் என்றார். ஊர் கூடி நிற்கிற பார்லரில் ஒரு தலைகூட நனையவில்லை. அப்பாயின்ட்மென்ட் பட்டனை யாரும் தொடவில்லை. அக்கா காலையில் சீப்பைக் கழுவி வைப்பார், சாயங்காலம் அதே சீப்பை மறுபடி கழுவி வைப்பார்.

அப்போதுதான் அவள் வந்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கடை கொஞ்சம் ஓய்ந்திருக்கிற நேரத்தில் வந்து, சுவரோரக் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து, வேறெதையும் பார்க்காமல் அக்காவையே பார்ப்பாள். கம்ப்யூட்டரில் பார்த்தேன். சூரத், ஒருவர், பார்க்கிற பக்கம் ‘எங்களைப் பற்றி’, இருபது நிமிஷம். மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும். மற்றவர்கள் வினாடிக் கணக்கில் ஓடுகிற இடத்தில் இருபது நிமிஷம் உட்கார்ந்தவள் அவள் ஒருத்திதான், ஆகவே ஊருக்கு அவளைப் பிடித்துப்போனது, எங்க சூரத்துக்காரி என்று பேச ஆரம்பித்தார்கள்.

அக்கா முதலில் கவனிக்கவில்லை. அன்றைக்கு அபூர்வமாக ஒரு டீச்சர் ஐப்ரோ எடுக்க வந்திருந்தார், அக்கா நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு குனிந்திருந்தவர் எதற்கோ நிமிர்ந்தார், சூரத்துக்காரி அந்த நேரம் தலையைக் குனிந்திருந்தாள், உச்சந்தலையில் இரண்டு சுழி. நூல் வழுக்கி டீச்சருக்குப் பாதிப் புருவம் போய்விட்டது. முகம் மறந்துவிடும், தலைமுடி மறக்காது, அதுவும் ஒரு பார்லர்க்காரிக்கு.

ஜெசிந்தாவுக்கு இரட்டைச் சுழி. எப்படி வகிடெடுத்தாலும் கோணிக்கொண்டு போகும், அக்கா மட்டும்தான் இடப்பக்கம் தொடங்கி முதல் சுழியைச் சுற்றிக்கொண்டு வந்து நேராக்குவார், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குத் தினமும் இந்தச் சண்டைதான் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். இரட்டைச் சுழிக்காரிக்கு இரண்டு கல்யாணம் என்று எங்கள் ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சுக்குப் பயந்து அக்கா பிள்ளைக்கு உச்சி தெரியாமல் தூக்கிக் கட்டியே வளர்த்தார். கடைசியில் அவள் போன பிறகு, போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று போன் பண்ணினபோது, அதே பேச்சைத்தான் எடுத்தார்.

“ரெண்டாங் கல்யாணத்துக்காவது அம்மாவுக்குச் சொல்லி அனுப்பு” என்றார். போனை வைத்தார். அதற்கப்புறம் அந்தப் பக்கத்திலிருந்து போன் வரவில்லை. இது ஊருக்கே தெரியும், ஏனென்றால் அக்கா அதைச் சொன்னது டீக்கடை வாசலில் நின்று, எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி.

டீச்சர் அழுதுகொண்டே போன பிறகு நான் அக்காவிடம் நேராகவே கேட்டேன், அது ஜெசி அக்காதானே என்று.

“எவளோ ஒருத்தி” என்றார். “கணக்குல சேத்துக்கோ.”

அதற்குப் பிறகு அவர் மத்தியானத்தில் சாப்பிட்டுத் தூங்குவதை விட்டார். அவள் வருகிற நேரத்துக்குச் சேலையை மாற்றிக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்பார், ஆனால் அவள் பக்கம் திரும்பமாட்டார், கண்ணாடியில் தெரிவாள் அல்லவா, அதில் பார்ப்பார். இருபது நிமிஷமும் இப்படியே போகும். ஒருத்தி அம்மாவின் போட்டோவைப் பார்க்கிறாள், அம்மா மகளைக் கண்ணாடியில் பார்க்கிறார், நடுவில் நான் ஒருத்தி உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கிறேன். போன் நம்பர்தான் இருக்கிறதே, கூப்பிடுங்களேன் என்றேன். வேலையப் பாருட்டி என்றார்.

மாசக் கடைசியில் ரோஷன் கணக்கை எடுத்துக்கொண்டு வந்தார், அதாவது போனில். ‘எங்களைப் பற்றி’ பக்கத்துக்கு ஒரே ஒரு ஆள்தான் வருகிறார் மேடம், அவரும் இருபது நிமிஷம் உட்கார்ந்துவிட்டு ஒன்றும் புக் பண்ணாமல் போகிறார், அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டால் நேராக அப்பாயின்ட்மென்ட் பக்கத்துக்கு வந்துதான் ஆக வேண்டும் என்றார். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். டீக்கடையிலிருந்து நாலு பேர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் மட்டும் இல்லாமலிருந்தால் அக்கா என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது.

“எடுத்துரு. என் மூஞ்சிய எதுக்கு எவளோ பாத்துட்டு இருக்கணும்?”

எடுத்தேன். மறுநாள் மத்தியானம் அவள் வந்தாள், நாற்காலி அங்கேயேதான் இருந்தது, அவள் கண்ணுக்கு அது இல்லை, கரண்ட் போன வீட்டில் ஸ்விட்சைத் தேடுகிற மாதிரி சுவரைத் தடவிக்கொண்டு ஒரு சுற்று வந்தாள். அக்கா இந்தத் தடவை கண்ணாடியை விட்டுத் திரும்பி அவள் எதிரிலேயே போய் நின்றார். அவள் அக்காவுக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். அப்புறம் இல்லை. மூன்று வினாடி என்று கம்ப்யூட்டர் சொன்னது, பேன்காரர்களைவிட ஒரு வினாடி குறைவு.

அடுத்த நாள் சூரத்திலிருந்து யாருமில்லை. அடுத்த நாளும் யாருமில்லை. அக்கா கேட்கவே இல்லை, ஆனால் என் பின்னால் வந்து நின்று ஊர்ப் பேரெல்லாம் மெதுவாக வாசித்தார், மதுரை, திருச்சி, ஈரோடு, துபாய், மறுபடி மேலேயிருந்து மதுரை, திருச்சி. பக்கத்தை மறுபடி போடவா என்றேன். போடு என்றார். போட்டேன். வரவில்லை. இல்லை என்று பார்த்துவிட்டுப் போனவர் மறுபடி அதையே பார்க்க வரமாட்டார் மேடம், புதுசாக ஏதாவது ஆஃபர் போட வேண்டும் என்று ரோஷன் சொன்னார். தெரியாமல் சொன்னதுதான், இருந்தாலும் அந்த மனிதர் சொன்னதில் உருப்படியானது அது ஒன்று.

அக்கா யோசித்தார். தேய்த்த பாத்திரத்தையே தேய்த்தார். பிறகு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, விலைப்பட்டியலில் ஐப்ரோவுக்குக் கீழே, ஃபேஷியலுக்கு மேலே, ஒரு வரி சேர்க்கச் சொன்னார், நான் அவர் சொன்னதை அப்படியே அடித்தேன்: ‘இரட்டைச் சுழிக்கு எண்ணெய் வைத்து, வகிடெடுத்துச் சீவிவிடுதல். காசு வேண்டாம். எப்போது வேண்டுமானாலும் வரலாம். சுழியைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.’

ரோஷன் தலையில் அடித்துக்கொண்டார், இது சர்வீஸே இல்லை, இதை யார் தேடுவார்கள் என்றார். தேடினார்கள். நாட்டில் இவ்வளவு இரட்டைச் சுழிக்காரிகள் இருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும், சுழியைச் சொல்லி மாப்பிள்ளை தட்டிப்போனவர்கள், மாமியாரிடம் பேச்சு வாங்கினவர்கள், உச்சி தெரியாமல் கொண்டை போட்டே வயசானவர்கள், எவளோ ஒருத்தி அந்த வரியைப் பார்த்து இன்னொருத்திக்கு அனுப்பியிருப்பாள், அவள் இன்னும் பத்துப் பேருக்கு, இரண்டே நாளில் பார்லர் நிறைந்து தெரு நிறைந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் இரட்டைச் சுழியாக நின்றது, எல்லோரும் போனைப் பார்க்கத் தலை குனிந்திருந்ததால் சுழிகள் மட்டும் வரிசையாகத் தெரிந்தன. நிஜமாகவே நாலைந்து பேர் பஸ் ஏறி வந்து தலையைக் காட்டினார்கள், அக்கா எண்ணெய் வைத்துச் சீவியும் விட்டார்.

மத்தியானம் கம்ப்யூட்டரில் வந்தது. சூரத், ஒருவர், விலைப்பட்டியல்.

அக்கா என்று கூப்பிட்டேன். அவர் அதற்குள் கூட்டத்துக்குள் போய்விட்டார். ஆனால் எங்கே பார்த்தாலும் இரட்டைச் சுழி. முகத்தைப் பார்த்தால் நிற்காது, தலையைப் பார்த்தால் எல்லாத் தலையும் அதே தலை. ஒருத்தியின் உச்சியைக் குனிந்து பார்ப்பார், இல்லை என்று அடுத்தவளுக்குப் போவார், முன்னால் பார்த்தவளையே மறுபடி பார்ப்பார். மகளைத் தேடி அவர் வைத்த ஒற்றை விளக்கு ஊரிலுள்ள பூச்சியையெல்லாம் கூட்டிவிட்டது. இருக்காளாட்டி என்று அங்கிருந்தே கேட்டார். இருக்காவ என்றேன். இன்னும் இருக்காளா. இருக்காவ. கொஞ்ச நேரத்தில் கம்ப்யூட்டரில் சூரத் இல்லை, போயிட்டாவ என்றேன்.

அதற்குப் பிறகு இரண்டு நாள் சூரத் என்ற பேரே வரவில்லை. அந்த வரிய எடுத்துரலாமா என்று கேட்டேன், இருக்கட்டும் என்றார்.

மூன்றாம் நாள் காலை பத்து மணி வாக்கில் அண்ணாச்சி ஒரு கையில் நாலு கிளாஸ் டீயைக் கோத்துக்கொண்டு, பழக்கப்படி தெருவில் நின்றவர்களுக்குள் புகுந்து புகுந்து எங்கள் பார்லருக்கு வந்தார், வாசலில் நின்ற ஒருத்திக்குள்ளும் அதே மாதிரி புகுந்தார், புக முடியவில்லை, நாலு டீயும் அவள் சுடிதார் மேல்.

“பாத்து வாங்க அண்ணாச்சி” என்றாள் அவள்.

அண்ணாச்சி கிளாஸைக் கீழே போட்டார். வந்தவர்கள் யாரும் பேசி நாங்கள் கேட்டதில்லை. அவள் தோளில் ரயில் அழுக்குப் படிந்த ஒரு பை, காலில் தூசி, எவ்வளவு நேரமாக அங்கே நின்றாளோ தெரியாது, ஆளோடு ஆளாக நினைத்து நாங்கள்தான் ஒரு வார்த்தை கேட்காமல் அவளைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறோம். முகம் மறக்கவில்லை, நான் கண்ணை எடுத்து மறுபடி பார்த்தேன், அப்படியே இருந்தது, அக்கா மாதிரியே முன்கோபமான மூக்கு.

அக்கா நாற்காலி கிடந்த இடத்தில் நின்றுகொண்டிருந்த ஈரோட்டுக்காரிக்குள் கையை விட்டு நாற்காலியை இழுத்துத் திருப்பிப் போட்டார், துண்டால் தட்டினார்.

“உக்காரு” என்றார்.

“கூட்டமா இருக்கே. முன்னாடி வந்தவங்களுக்கு முடிச்சிட்டு வா.”

“அதுகளுக்குச் சீப்பு பிடிக்காது. உக்காரு.”

உட்கார்ந்தாள். அக்கா கிளிப்பை எடுத்தார், முடி விழுந்தது, எண்ணெயைத் தொட்டார். இடப்பக்கம் தொடங்கி முதல் சுழியைச் சுற்றிக்கொண்டு வந்தவர் இரண்டாவது சுழியில் வந்து நின்றுவிட்டார், சீப்பு நகரவில்லை.

ஜெசி அக்கா கண்ணாடியில் அவரைப் பார்த்தாள். “ரெண்டாங் கல்யாணமெல்லாம் இல்லம்மா” என்றாள். “இருக்கறவரே போதும். நீ சீவு.”

அண்ணாச்சி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். சிரித்தாரா அழுதாரா என்று நான் போய்ப் பார்க்கவில்லை, ஏனென்றால் அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. ரோஷன். குரல் ரொம்ப இறங்கியிருந்தது.

கிராஃப் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒரு கெட்ட செய்தி என்றார். சூரத்திலிருந்து ஒருவர் வந்துகொண்டிருந்தார் அல்லவா, தினமும் வருவாரே, இருபது நிமிஷம் உட்காருவாரே, இவ்வளவு பேரில் உங்கள் மேல் உண்மையான அக்கறை இருந்தது அந்த ஒரு ஆளுக்குத்தான், மூன்று நாளாக அவரைக் காணோம், இனி வருவார் என்று எனக்குத் தோன்றவில்லை, அவரை நாம் இழந்துவிட்டோம், எந்த இடத்தில் தப்பு நடந்தது என்று கொஞ்சம் பாருங்கள் என்றார்.

நான் திரும்பினேன். வகிடு பாதி தூரம் நேராக வந்திருந்தது.

பார்க்கிறேன் சார் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.